சாட்ஸ்வொர்த் – கிங் ஷாகா விமான நிலையம்: என்2-ல் எந்த எக்ஸிட், எப்போது லேன் மாறணும்?

நெல்லை_புதுசு

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் தென்னாப்பிரிக்கா, டர்பன் வந்திருக்கிறோம், வீடு சாட்ஸ்வொர்த்தில். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி விமானத்தில் ஊரிலிருந்து மாமனார், மாமியார், மச்சினி, அவள் குழந்தை வருகிறார்கள். நானே கார் ஓட்டிப் போய் அழைத்து வர வேண்டும். இடது பக்கம் ஓட்டுவது பழக்கம்தான். ஆனால் 120-ல் ஓடும் சாலையில் எக்ஸிட் பிடிப்பதுதான் பயம். என்2, என்3 தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் அந்தப் பெரிய மேம்பாலச் சிக்கலில் எந்த லேனில் நிற்க வேண்டும்? எக்ஸிட் தவறினால் என்ன செய்வது? இந்திய லைசென்ஸ் செல்லுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஹிகின்சன்

வாங்க தம்பி. பயப்படும்படி ஒன்றும் இல்லை, முறை தெரிந்தால் போதும். முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து எம்1, அதாவது ஹிகின்சன் ஹைவே. அதில் கிழக்கே வந்து என்2 வடக்கில் ஏறணும். ஏறியபின் விமான நிலையம் வரை என்2-ஐ விட்டு இறங்கவே வேண்டாம். மொத்தம் சுமார் 40 கி.மீ. நீங்கள் இறங்க வேண்டியது எக்ஸிட் 195.

எக்ஸிட் எண்ணை வரிசை எண் என்று நினைக்காதீர்கள், அது கிலோமீட்டர் கணக்கு. கேப் டவுனில் தொடங்கி எர்மெலோ வரை போகிற என்2-ஐப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் கிலோமீட்டரைப் புதிதாக எண்ணுகிறார்கள். டர்பனில் வடக்கே போகப் போக எண் ஏறும். என்3 சந்திப்பு 165, உம்ஹ்லாங்கா – மவுண்ட் எட்ஜ்கம்ப் 182, விமான நிலையம் 195. அப்படியென்றால் என்3 சந்திப்பைத் தாண்டியபின் 17 கி.மீ.-ல் மவுண்ட் எட்ஜ்கம்ப், அதிலிருந்து 13 கி.மீ.-ல் உங்கள் எக்ஸிட். இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் ஜிபிஎஸ் ஊமையானாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். எண் குறைந்துகொண்டே வந்தால் தெற்கே போகிறீர்கள் என்று அர்த்தம்.

பலகை நிறத்தையும் கவனியுங்கள். ஃப்ரீவேயில் வழிகாட்டிப் பலகை நீலம், சாதாரண சாலையில் பச்சை. ராம்பில், அதாவது ஏறி இறங்கும் கிளைச் சாலையில், இறங்கியதும் பலகை பச்சைக்கு மாறினால் ஃப்ரீவே முடிந்தது. 120-ஐ மறந்துவிட்டு, அங்கே போட்டிருக்கும் வேகத்துக்கு வாங்க. போடவில்லை என்றால் ஊருக்குள் 60 என்பதே சட்டம்.

இப்போது அந்த மேம்பாலச் சிக்கல். ஈ.பி. க்ளூட்டி சந்திப்பு என்று பெயர், ஊர் ஜனம் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்கிறது. நாலு அடுக்கு. நீங்கள் நேராகப் போகிறவர், அதனால் அங்கே உங்களுக்கு வேலையே இல்லை. 165-க்கான முதல் பலகையைக் கண்டதுமே இடது ஓர லேனை விட்டு நடு லேனுக்கு வந்துவிடுங்கள். இடது ஓரத்தில் நின்றால் லேன் உங்களைக் கேட்காமலே என்3-க்கு இழுத்துப் போய்விடும்.

வெருலம் அண்ணாச்சி

ஹிகின்சன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். இதில்தான் புதுசா வர்றவங்க ஏமாறுறாங்க.

வடக்கே போகும்போது 165-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உங்களுக்கு இடது கை, டர்பன் நகரம் வலது கை. திரும்பி தெற்கே வரும்போது தலைகீழ்: நகரம் இடது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வலது. இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் ஃப்ரீவேயை விட்டு வெளியேறுவது இடது ஓரத்திலிருந்துதான். வெளியேறியபின் ராம்ப் இரண்டாகப் பிரியும். அங்கே "போன தடவை நகரத்துக்கு வலது பக்கம் போனோமே" என்று பழைய நினைப்பில் கையைத் திருப்பினால், கடற்கரைக்குக் கிளம்பியவர் மேற்கே வெஸ்ட்வில் மலையேறிக்கொண்டிருப்பார். கைப்பக்கத்தை நினைவில் வைக்க வேண்டாம். பலகையில் ஊர்ப்பெயரையும் சாலை எண்ணையும் படித்து முடிவு பண்ணுங்க.

ஊர்ப்பெயரில் ஒரு சங்கதி. ஃப்ரீவேயில் திசை காட்ட பேட்டைப் பெயர் போடமாட்டான், தூரத்து ஊரைத்தான் போடுவான். வடக்கு என்றால் க்வாடுகூசா, பழைய ஸ்டேங்கர். தெற்கு என்றால் போர்ட் ஷெப்ஸ்டன். மேற்கு என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். இந்த மூன்றும் தெரியாமல் "சாட்ஸ்வொர்த்" என்று பலகையில் தேடினால், கடைசி இரண்டு கி.மீ. வரை கண்ணில் படாது.

சாலைப் பெயர்கள் 2008 வாக்கில் நிறைய மாறின. பெரியவர்கள் எட்வின் ஸ்வேல்ஸ் என்பார்கள், பலகையில் சாலமன் மஹ்லாங்கு டிரைவ் என்றிருக்கும். வடக்கு எம்4 இப்போது ரூத் ஃபர்ஸ்ட் ஹைவே. வழி கேட்டால் எம் எண்ணைக் கேட்டு வாங்குங்க. எண் மாறவில்லை.

நெல்லை_புதுசு

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி ஹிகின்சன் அண்ணா. அப்படியானால் வேகமாகப் போகாமல் இடது லேனிலேயே 80-ல் போய்க்கொண்டிருந்தால் பாதுகாப்புதானே? லாரிகளுக்குப் பின்னாலேயே போய்விடலாமா?

கனரகன்

இல்லை தம்பி. லாரி ஓட்டுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

9,000 கிலோவுக்கு மேல் மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு உச்ச வேகம் 80. பஸ், மினிபஸ் டாக்ஸிக்கு 100. காருக்கு 120. இடது லேனில் 80-ல் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் மூன்று கெடுதல். ஒன்று, பெரிய லாரியின் முதுகு பலகைகளை மறைக்கும். இடது பக்கம் நட்டிருக்கும் பலகை லாரியைத் தாண்டித் தெரிவதற்குள் எக்ஸிட் வந்திருக்கும். இரண்டு, உங்கள் முகம் எங்கள் கண்ணாடியில் தெரியாது. எங்கள் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் எங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். மூன்று, இடது லேன்தான் ஒவ்வொரு ராம்பிலிருந்தும் வண்டி வந்து நுழையும் இடம். எம்7-லிருந்து துறைமுகத்து லாரிகள் ஏறும் இடத்தில் அங்கே நெரிசல் அதிகம்.

காலியான சாலையில் இடது லேனில் 100 – 110 போங்க. லாரி அடர்த்தியான இடத்தில் நடு லேன். வலது ஓரம் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் விட்டுவிடணும்.

அடுத்தது, எல்லாரும் தப்புப் பண்ணுகிற கணக்கு. எக்ஸிட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்னால் ஒரு லாரி. "இதைத் தாண்டிவிட்டு இறங்கிடலாம்" என்று மனசு சொல்லும். கணக்குப் போடுங்கள். இங்கே இணைப்பு லாரியின் நீளம் 22 மீட்டர் வரை இருக்கலாம். அதற்கு 40 மீட்டர் பின்னால் விலகி, 40 மீட்டர் முன்னால் சேர வேண்டும். உங்கள் காரின் நீளம் ஒரு 4 மீட்டர். ஆக 106 மீட்டர் அதிகமாக ஓடணும். நீங்கள் 110, லாரி 80 என்றால் வேக வித்தியாசம் விநாடிக்கு 8 மீட்டர் சொச்சம். 13 விநாடி ஆகும். அந்த 13 விநாடியில் நீங்கள் ஓடியிருப்பது ஏறக்குறைய 400 மீட்டர். 500 மீட்டர் பலகையைப் பார்த்தபின் முந்தத் தொடங்கினால், லாரியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே வெட்டித்தான் ராம்பில் இறங்க முடியும். மொத்த எடை 56 டன் வரை இருக்கலாம், பிரேக் போட்டதும் நிற்காது.

ஆகவே விதி: 1 கி.மீ. பலகை தாண்டிய பிறகு லாரியை முந்த வேண்டாம். பின்னாலேயே இடைவெளி விட்டு இறங்குங்கள். இழப்பது பத்துப் பன்னிரண்டு விநாடிதான்.

ஹிகின்சன்

கனரகன் ஐயா போட்ட கணக்கோடு நேரக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 120-ல் ஒரு கி.மீ. என்பது 30 விநாடி, 500 மீட்டர் 15 விநாடி. 100-ல் போனால் 36, 18. லேன் மாற ஒரு தடவைக்கு என்ன ஆகும் பாருங்கள்: உள்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், தோள் திருப்பி ஒரு பார்வை, பிறகு நகர்வு. நிதானமாகச் செய்தால் 6 – 8 விநாடி. வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு இரண்டு லேன் என்றால் 15 விநாடி போய்விடும், அதுவும் இடம் கிடைத்தால். 1 கி.மீ. பலகை வரும்போதே நீங்கள் இடது லேனில், இல்லையென்றால் அதற்கு அடுத்த லேனில் இருக்க வேண்டும்.

பிரேக்கை ஃப்ரீவே லேனில் போடாதீர்கள். இறங்கு லேன் தனியாக விரியத் தொடங்கியதும் முழு வண்டியையும் அதற்குள் கொண்டுபோய், பிறகு வேகம் குறையுங்கள். வேகத்தைக் கண்ணால் மதிப்பிடவும் வேண்டாம். அரை மணி நேரம் 120-ல் ஓடிய கண்ணுக்கு 80 என்பது நடை மாதிரித் தோன்றும். வளைந்து சுற்றும் ராம்பில் 60 அல்லது அதற்கும் கீழே எழுதியிருப்பான். மீட்டரைப் பார்த்தே அதற்கு வாங்க.

எக்ஸிட் தவறினால்? தவறவிடுங்கள். அவ்வளவுதான். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பாலத்தின் மேலோ அடியிலோ மறுபுறம் போய், எதிர்த்திசையில் ஏறி வாங்க. டர்பன் நகரத்துக்குள் எக்ஸிட்டுகள் நெருக்கமாகவே இருக்கின்றன. பத்து நிமிடம் போகும். ராம்புக்கும் ஃப்ரீவேக்கும் இடையில் கோடுகள் அடித்த முக்கோணம் இருக்கிறதே, அதன் மேல் ஏறிக் கடைசி நொடியில் வெட்டுவது, நின்று யோசிப்பது, மஞ்சள் கோட்டோரமாக ரிவர்ஸ் எடுப்பது – இவை மூன்றையும் கனவில்கூடச் செய்யாதீர்கள். பின்னால் வருகிறவனுக்கு அங்கே வண்டி நிற்கும் என்ற எண்ணமே இருக்காது.

195-ஐத் தவறவிட்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தால் டோங்காட் டோல் பிளாசா வரும். அதனால் கையில் டோலுக்குக் கொஞ்சம் ரேண்ட் வைத்திருங்கள். சரியாக 195-ல் இறங்கினால் டோல் கட்ட வேண்டியதில்லை.

தேவகி_ஃபீனிக்ஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்பதை யாரும் பேசவில்லையே! நேரம்தான் இங்கே பாதி விஷயம். மூன்றரை மணியிலிருந்து ஆறு வரை என்2 வடக்கு எம்19-லிருந்தே அடைக்கும். எம்25 க்வாமாஷு சந்திப்பு, பிறகு 182 வரை ஊர்ந்துதான் போகணும். ஐந்தரை விமானத்துக்கு வீட்டிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர எப்படியும் நேரமாகும், நீங்கள் உள்ளே உட்கார்ந்து காத்திருக்கலாம்.

இன்னொன்று, நெரிசல் நேரத்தில் எக்ஸிட் வரிசை ராம்பைத் தாண்டி ஃப்ரீவேயின் இடது லேன் வரை நீண்டு நிற்கும். 182-ல் இதைப் பார்க்கலாம். தைப்பூசக் காவடி சமயத்தில் உம்கேனி ரோடு கோயிலுக்கு எம்19-ல் இறங்குகிறவர்களும் இதை எதிர்பார்க்கணும். 110-ல் வந்துகொண்டிருப்பீர்கள், வளைவு திரும்பினால் முன்னால் நிற்கிற வண்டிகளின் சிவப்பு விளக்கு. அப்போது செய்ய வேண்டியது: பிரேக்கைச் சீக்கிரமே, மென்மையாகத் தொடங்குங்கள், ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு கார் நீள இடைவெளி விட்டு நில்லுங்கள், ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும், கண் பின்கண்ணாடியில் இருக்கட்டும். பின்னால் ஒருவர் வேகம் குறைத்து நின்றுவிட்டார் என்று உறுதியானதும் ஹசார்டை அணைக்கலாம். அந்த இரண்டு கார் இடைவெளிதான் பின்னால் யாராவது நிற்காமல் வந்தால் நீங்கள் விலகிப்போக இருக்கும் ஒரே இடம்.

மஞ்சள் கோட்டுக்கு அப்பால் டாக்ஸிகள் சீறிக்கொண்டு போகும். பின்தொடராதீங்க. ஃப்ரீவேயில் அந்த ஓரத்தில் ஓட்டுவது சட்டப்படி தப்பு. ஆம்புலன்சுக்கும் பழுதான வண்டிக்கும் உள்ள இடம் அது. இடது லேனிலிருந்து ராம்புக்கு விலகும் முன் இடது தோளுக்கு மேல் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அந்த ஓரத்தில் ஒரு டாக்ஸி வந்துகொண்டிருக்கலாம்.

கடலோரம்

எதுக்கு இந்த நெரிசல்? எம்4 கடற்கரைச் சாலையில் போங்களேன். அழகான சாலை, உம்ஹ்லாங்கா வழியா வடக்கே போய்விடலாம். மாமனார் மாமியாருக்குக் கடலும் காட்டினாப்போல ஆச்சு.

ஹிகின்சன்

கடலோரம், கடல் காட்டுவதற்கு ஞாயிறு காலை இருக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து எம்4 வடக்கைப் பிடிக்க நகரத்தைக் கடக்கணும், வெள்ளி மாலையில் அது நகராது. புதிதாக ஓட்டுகிறவருக்கு ஒரே சாலை, ஒரே எக்ஸிட் என்ற வழிதான் நல்லது. எம்4-ஐ மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம், அது எனக்குச் சம்மதம்.

வெருலம் அண்ணாச்சி

மாற்று வழி என்றால் ஆர்102-ஐ ஏன் விடுறீங்க? பழைய மெயின் ரோடு அதுதானே. 182-க்கு வடக்கே விபத்து, என்2 மூடிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 182-ல் இறங்கினால் எம்41. அதில் கிழக்கே போனால் உம்ஹ்லாங்கா, எம்4. மேற்கே போனால் மவுண்ட் எட்ஜ்கம்ப், ஆர்102. ஆர்102-ல் வடக்கே வெருலம் தாண்டிப் போனால் விமான நிலையத்தின் மேற்குப் பக்கம் வந்து சேரலாம். ரோபோட் (டிராஃபிக் சிக்னலுக்கு இங்கே அதுதான் பேர்) நிறைய, வேகம் கிடையாது, ஆனால் வழி அடைபடாது.

182 சந்திப்பே பார்க்க வேண்டிய ஒன்று. பழைய சந்திப்பில் எம்41 வண்டிகள் ரோபோட்டில் நின்று நின்று ஃப்ரீவேயையே அடைத்தன. 2018-ல் முடிந்த புதிய அமைப்பு நாலு அடுக்கு. அதில் ஒரு பாலம் 948 மீட்டர் நீளம், தூண்களின் மேல் துண்டு துண்டாகத் தள்ளிக் கட்டியது. நேராகப் போகிற உங்களுக்கு அது தலைக்கு மேல் போகும். மாற்று வழியாக இறங்கும்போது மட்டும் உம்ஹ்லாங்கா அம்பு, மவுண்ட் எட்ஜ்கம்ப் அம்பு இரண்டில் எது வேண்டும் என்பதை ராம்பில் நுழையும் முன்பே முடிவு பண்ணிக்கங்க. ராம்புக்குள் பிரிவு சட்டென்று வரும்.

எந்த இடத்தில் அடைப்பு என்று கிளம்பும் முன்பே பார்க்கலாம். நெடுஞ்சாலைத் துறையான சான்ரலுக்கு என்2, என்3 நெடுக கேமரா இருக்கு. ஐ-டிராஃபிக் இணையதளத்தில் நேரடியாகப் பார்க்கலாம். சாலைக்கு மேலே மின்பலகையிலும் எழுதுவான்.

மழைக்காகம்

மழையைப் பற்றி நான். டர்பனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாலை இடிமழை சகஜம், ஏப்ரலிலும் விடாது – 2022 ஏப்ரல் வெள்ளம் இந்த ஊர் மறக்கவே முடியாதது. சில நிமிடத்தில் கொட்டித் தீர்க்கும் மழை அது, சாலை வடிகால் தாங்காது. தண்ணீர் தேங்குவது பெரும்பாலும் பாலத்தின் அடியில், மையத் தடுப்பை ஒட்டிய வலது லேனில், ராம்ப் வந்து சேரும் தாழ்வான மூலையில்.

டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளணும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கும், ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி இலகுவாகிவிடும். அந்த இலகுதான் எச்சரிக்கை. உடனே பிரேக் மிதிக்காதீர்கள், திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால் வேகம் இறங்கி டயர் தரையைப் பிடிக்கும். குரூஸ் கண்ட்ரோல் மழையில் கூடவே கூடாது. சட்டம் 1 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும் என்கிறது. மழைக்கால ஃப்ரீவேக்கு அது போதாது, 3-க்குக் கீழ் வந்தால் மாற்றிவிடுங்கள். நான்கு டயரையும் குளிர்ந்த நிலையில் காற்று பார்த்துவிடுங்கள். அளவு ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் முழுச் சுமைக்கான எண்ணைப் பார்க்கணும், அது கூடுதலாக இருக்கும்.

காய்ந்த சாலையில் முன்வண்டிக்கு மூன்று விநாடி இடைவெளி, 120-ல் அது 100 மீட்டர். மழையில் ஆறு விநாடி.

இன்னொன்று, சாலை வேலை. என்2, என்3 இரண்டிலும் சான்ரல் விரிவாக்க வேலை நடக்கிறது, க்ளூட்டி சந்திப்பும் அதில் சேர்த்தி. வேலை நடக்கும் இடத்தில் பழைய லேன் கோடுகளைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். இரவில், ஈரத்தில், எதிர்விளக்கு பட்டால் சுரண்டிய தழும்பும் புதுக் கோடும் ஒரே மாதிரி மின்னும். அங்கே கோட்டை மட்டும் நம்பாமல், கூம்புகளையும் தடுப்புகளையும் முன்வண்டியின் போக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஜிபிஎஸ் வரைபடம் பழைய ராம்பைக் காட்டிக்கொண்டிருக்கும். பலகை ஒன்று சொல்லி ஜிபிஎஸ் வேறு சொன்னால் பலகைதான்.

நெல்லை_புதுசு

இவ்வளவு விரிவாக யாரும் சொல்லித் தரமாட்டார்கள், எல்லாருக்கும் நன்றி. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்? வயதானவர்களும் குழந்தையும் இருக்கும்போது அதுதான் கவலை.

கனரகன்

அவசியமான கேள்வி தம்பி. வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டி உருளும் வரை உருட்டுங்கள். டயர் பஞ்சர் என்றாலும் ரிம் போனால் போகட்டும், மஞ்சள் கோட்டுக்கு அப்பால் எவ்வளவு இடதுபுறம் போக முடியுமோ அவ்வளவு போங்க. முடிந்தால் அடுத்த ராம்ப் வரைக்குமே போய்விடுங்கள். நின்றதும் ஹசார்ட். எல்லாரும் இடது கதவு வழியாக மட்டும் இறங்கணும், வலது கதவைத் திறக்கவே கூடாது. ஓட்டுநரும் இடது இருக்கைக்கு நகர்ந்து இறங்கணும். இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டிக்குப் பின்னால் 20 அடி தள்ளி நிற்கணும். வண்டிக்கு முன்னால் நின்றால், யாராவது இடித்தால் உங்கள் காரே உங்கள் மேல் வரும்.

எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் வைக்க வேண்டிய தூரம் குறைந்தது 45 மீட்டர், பெரிய காலடியாக அறுபது. தடுப்புக்கு அப்பால் நடந்து போய் வையுங்கள், முகம் வரும் வண்டிகளை நோக்கி இருக்கட்டும். முக்கோணத்தை வைக்கப் போவதே ஆபத்து என்று தோன்றும் வளைவாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஹசார்ட் போதும். வலது பக்க டயரை ஃப்ரீவேயில் நீங்களாக மாற்ற வேண்டாம். முதுகுக்கு ஒரு மீட்டரில் லாரி போகும். அந்தக் காற்றே ஆளைத் தள்ளும்.

தேவகி_ஃபீனிக்ஸ்

கனரகன் ஐயா சொன்னதோடு: போனில் 112 அடித்தால் எந்த நெட்வொர்க்கிலும் அவசர உதவி. காவல் 10111. இருக்கும் இடத்தைச் சொல்ல ஓரத்தில் சின்னக் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும்: சாலை எண், கி.மீ., திசை. அதைப் படித்துச் சொன்னால் நேராக வந்துவிடுவார்கள். திசை முக்கியம், மறுபக்கத்துக்கு வண்டி அனுப்பிவிட்டால் அவர்கள் அடுத்த எக்ஸிட் போய்த் திரும்பி வரணும்.

கூப்பிடாமலே இழுவை வண்டி வந்து கொக்கியை மாட்டப் பார்க்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி எண்ணை முன்பே போனில் சேமித்து வையுங்கள். அவர்கள் அனுப்பும் வண்டியைத் தவிர வேறு எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மாட்டவே வேண்டியிருந்தால் எங்கே கொண்டு போகிறார்கள், மொத்தம் எவ்வளவு என்பதை எழுதி வாங்கிய பிறகு.

ராம்ப் முடிவில் ரோபோட் சிவப்பில் நிற்கும்போது கண்ணாடி ஏறியிருக்கட்டும், கதவு பூட்டியிருக்கட்டும், கைப்பையும் போனும் மடியில் வேண்டாம், டிக்கியில். விமான நிலையத்திலிருந்து வரும் வண்டி என்றால் மாமியார் நகை கொஞ்சம் துப்பட்டாவுக்குள் போகட்டும். மின்வெட்டில் ரோபோட் அணைந்திருந்தால் நாலு பக்கமும் நிறுத்தி, முதலில் வந்தவர் முதலில் போவதுதான் முறை.

இருட்டிய பிறகு ஃப்ரீவேயைக் குறுக்கே கடக்கும் ஆட்கள் உண்டு, சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் கடக்கிறார்கள். அதனால் திரும்பி வரும்போது 100-க்கு மேல் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு உடை தெரியும் தூரம் குறைவு.

வெருலம் அண்ணாச்சி

லைசென்ஸ் கேள்வி அப்படியே நிற்குது. வெளிநாட்டு லைசென்ஸில் படமும் கையெழுத்தும் இருந்து, இந்த நாட்டு ஆட்சிமொழி ஒன்றில் அச்சிட்டிருந்தால் தற்காலிக விசாவில் இருக்கும்வரை செல்லும். ஆங்கில அட்டை சரி. ஊரில் அரசாங்கம் கொடுத்த சர்வதேச அனுமதிப் புத்தகம் இருந்தால் அதையும் சேர்த்து வைங்க, கேள்வி குறையும். நிரந்தரமாக வசிக்கும் அனுமதி கிடைத்தால் அப்புறம் மாற்றிக்கணும். நகல் எடுத்துப் போகாதீங்க, அசல் கையில் இருக்கணும்.

ஹிகின்சன்

திரும்பும் வழியையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து என்2 தெற்கு, பலகையில் டர்பன் என்று இருக்கும். எண் 195-லிருந்து குறையும். 165 வரும் முன் நடு லேன். "டர்பன்" என்ற அம்பு 165-ல் இடது பக்கம் இழுக்கும், போகாதீர்கள், அது நகரத்து நடுவுக்கு. உங்களுக்கு வேண்டியது என்2 தெற்கு, போர்ட் ஷெப்ஸ்டன். க்ளூட்டி தாண்டியதும் என்3-லிருந்து வருகிறவர்கள் இடது பக்கம் வந்து சேர்வார்கள், அவர்களுக்கு இடம் கொடுத்து, கலங்கல் அடங்கிய பிறகு இடது லேனுக்கு வாங்க. எம்7 வரும். அதை விடுங்கள். அடுத்து எம்1, ஹிகின்சன், சாட்ஸ்வொர்த் என்று எழுதியிருக்கும். இடது ஓரமாக வெளியேறணும், ஆனால் சாட்ஸ்வொர்த் மேற்கே, அதாவது உங்கள் வலது கைப்பக்கம். இடது ராம்பில் இறங்கிவிட்டு, மேற்கு அம்பைத் தொடருங்கள்.

ராம்பில் இருந்து ஃப்ரீவேயில் ஏறும்போது ஒன்று மறக்காதீர்கள்: விமான நிலையத்துக்கு வெளியே ஏறுகிற அந்த ராம்பிலேயே 100 வரை வேகம் ஏற்றணும். ஐந்து பேர், பெட்டிகள், சின்ன எஞ்சின் என்றால் ஏற நேரமாகும். மூன்றாம் கியரில் முழுசாக மிதித்து ஏற்றுங்கள், ஏசியை அந்த அரை நிமிடம் அணைத்தாலும் சரி. 60-ல் போய் 120 ஓட்டத்தில் நுழைவதும், ராம்ப் முடிவில் நின்று பார்ப்பதும்தான் அங்கே விபத்துக்குக் காரணம். உள்ளே ஓடுகிறவர் உங்களுக்கு இடம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு.

நெல்லை_புதுசு

எழுதி எடுத்துக்கொண்டேன் அண்ணா. 165 நடு லேன், 182 விடு, 195 இடது. குழந்தைக்கு இரண்டு வயது, மச்சினி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள்.

தேவகி_ஃபீனிக்ஸ்

கூடவே கூடாது தம்பி! மூன்று வயதுக்குக் கீழ் குழந்தைக்கு இருக்கை கட்டாயம், 2015 மே முதல் சட்டமே இருக்கு. சட்டத்தை விடுங்கள், 100-ல் ஒரு திடீர் பிரேக்கில் பன்னிரண்டு கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. வாடகைக்கே கிடைக்கும், வாங்கவும் செய்யலாம். வியாழனே வாங்கிப் பின்சீட்டில் பொருத்திப் பாருங்கள். பெல்ட்டை மாட்டியபின் இருக்கையின் அடியைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள் வாருக்கும் மார்புக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் மட்டும் நுழையணும். பின்சீட்டில் இருக்கை வைத்தால் அங்கே இன்னும் இரண்டு பேர்தான் சௌகரியமாக உட்கார முடியும். மாமனார் முன்னால், மாமியாரும் மச்சினியும் பின்னால். பெட்டிகள் டிக்கியில் அடங்காவிட்டால் ஒன்றையும் பின்கண்ணாடி மறைக்கிற மாதிரி அடுக்காதீங்க. அடங்காததை ஒரு பக்கி (சின்ன பிக்கப் வண்டி) சொல்லி அனுப்பிவிடலாம்.